கதவு, நாற்காலி, நான்கு வரி வசனம்

“கதை நன்றாக இருந்தால் போதும், கன்டினியூட்டியை யார் பார்க்கிறார்கள்?” விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) வகுப்பறைகளிலும் குறும்படப் போட்டி மேடைகளிலும் திரும்பத் திரும்பக் கேட்கிற பேச்சு இது. மாணவர்கள் மட்டும் சொல்வதில்லை. பாடம் நடத்துகிறவர்கள் சொல்கிறார்கள். நடுவர்களாக வந்து உட்காருகிற இயக்குநர்களும் சொல்கிறார்கள். விளைவு, கேமராவை முதன்முதலாகக் கையில் எடுத்த மாணவர் அடுத்த மாதமே பத்து நிமிடக் குறும்படம் எடுக்க அனுப்பப்படுகிறார். நடுவில் பயிற்சி என்று ஒன்று கிடையாது. இந்தப் போக்கு தவறு. மாணவர்களின் மூன்று ஆண்டுகளை அது வீணாக்குகிறது.

எதிர்த்தரப்பின் வாதத்தை முதலில் அதன் முழு வலுவோடு வைத்துவிடுகிறேன். கேமரா இன்று எல்லார் சட்டைப் பையிலும் இருக்கிறது. அதைக் கற்றுத்தர யூடியூப் இருக்கிறது. தயாரிப்பாளரிடம் போகிற இளைஞன் காட்ட வேண்டியது ஒரு படம். பயிற்சி ஏடு அல்ல. பார்வையாளர் கதையோடு ஒன்றிவிட்டால் டீ கிளாஸ் எந்தக் கையில் இருந்தது என்று பார்ப்பதில்லை. கோடிக்கணக்கில் செலவழித்த படங்களிலேயே இந்தப் பிழைகள் உண்டு. பிரான்சின் கோதார் விதிகளை உடைத்தார், ஜப்பானின் ஓசு உடைத்தார், அவர்கள் மேதைகள். திரைப்படக் கல்லூரி வாசலை மிதிக்காதவர்கள் இன்று தமிழில் முன்னணியில் இருக்கிறார்கள். கன்டினியூட்டி என்பது ஓர் உதவி இயக்குநர் நோட்டில் எழுதிக்கொள்கிற விஷயம். மீதியை எடிட்டிங்கில் பார்த்துக்கொள்ளலாம். படைக்கத் துடிக்கிற பிள்ளையைப் பிடித்து வைத்து “கதவைத் திற, உட்கார்” என்று பயிற்சி கொடுப்பது அவன் குரலை நெரிப்பதாகும்.

இதில் சில வரிகள் உண்மை. ஆனால் அவற்றிலிருந்து எடுக்கப்படுகிற முடிவு பொய். புள்ளி புள்ளியாகப் பார்ப்பதற்கு முன், நான் எதை வேண்டும் என்கிறேனோ அதைச் சொல்லிவிட வேண்டும்.

இங்கிலாந்தில் ஓசிஆர் என்ற தேர்வு வாரியம், மேல்நிலைப் பள்ளி மாணவர்களின் ஊடகப் பாடத்தில் ஒரு தொடக்கப் பயிற்சியைப் பல ஆண்டுகள் வைத்திருந்தது. ஒருவர் கதவைத் திறக்கிறார். அறையைக் கடந்து வருகிறார். இன்னொருவருக்கு எதிரே நாற்காலியில் உட்காருகிறார். இருவரும் ஓரிரு வரி பேசிக்கொள்கிறார்கள். அவ்வளவுதான் பயிற்சி. இதில் மூன்று காரியங்கள் தெரிய வேண்டும்: அசைவின் நடுவே ஷாட் மாறினாலும் அசைவு அறுபடக் கூடாது, பேசுபவரும் கேட்பவரும் மாறி மாறி வரும் ஷாட்கள் பொருந்த வேண்டும், இருவருக்கும் நடுவே ஓடுகிற கற்பனைக் கோட்டைக் கேமரா தாண்டக் கூடாது. இதை முடித்த பிறகுதான் முதன்மைப் பணி: ஒரு கதைப்படத்தின் தொடக்கம், அதுவும் 2 நிமிடத்துக்கு மேல் போகாமல். கடைசியில் மாணவர் ஒரு கேள்விக்குப் பதில் எழுத வேண்டும்: தொடக்கப் பயிற்சியிலிருந்து இந்தப் படத்துக்கு வருவதற்குள் என்ன கற்றுக்கொண்டாய்?

எளிதாகத் தெரிகிறதா? எந்தக் கல்லூரியிலும் முதலாண்டு மாணவர்களிடம் இதைக் கொடுத்துப் பாருங்கள். வெளியே எடுத்த ஷாட்டில் கை தாழ்ப்பாளைத் தொட்டவுடன் கேமராவை நிறுத்திவிடுவார்கள். உள்ளே எடுத்த ஷாட்டில் கதவு ஏற்கெனவே பாதி திறந்திருக்கும். எடிட்டிங் மேசையில் இரண்டையும் ஒட்டும்போதுதான் தெரியும், கதவு திறக்கிற அந்த அரை நொடி இந்த உலகத்தில் எங்கேயும் பதிவாகவில்லை என்று. நடிகர் வெளியே இடது கையால் தள்ளியிருப்பார், உள்ளே வலது கையால் மூடுவார். வெளியே ஃப்ரேமின் இடமிருந்து வலமாக நடந்தவர், உள்ளே வலமிருந்து இடமாக நடப்பார். வந்த வழியே திரும்பிப் போகிறார் என்று பார்க்கிறவருக்குப் படும். உட்கார்ந்த பிறகு ஒருவரை நின்ற உயரத்திலிருந்தும் மற்றவரை உட்கார்ந்த உயரத்திலிருந்தும் எடுத்திருப்பார்கள். ஒருவரை அகல லென்ஸில், மற்றவரை ஜூமில். இரண்டு பேரின் பார்வையும் ஃப்ரேமின் வலப்பக்கமே, அதாவது வலது லுக்கில், இருக்கும். ஒட்டிப் பார்த்தால் இருவரும் பேசிக்கொள்ளவில்லை, மூன்றாவது ஆள் ஒருவரிடம் பேசுகிறார்கள். பின்னால் மின்விசிறி ஒரு ஷாட்டில் சுற்றும், அடுத்ததில் நிற்கும், ஏனென்றால் நடுவில் ஒலிக்காக யாரோ அணைத்திருப்பார்கள்.

இந்தப் பிழைகளில் எதுவும் சோம்பலால் வந்ததல்ல. ஒவ்வொரு ஷாட்டையும் எடுக்கும்போது அந்த மாணவர் அந்த ஷாட்டை மட்டுமே பார்த்தார். அதற்கு முன்னால் வந்தது எது, பின்னால் வரப்போவது எது என்பதை மனத்தில் பிடித்துக்கொண்டு இதை எடுக்க அவருக்குத் தெரியவில்லை. அந்தத் திறமைக்குத்தான் கன்டினியூட்டி என்று பெயர். கேமராத் திறமையும் அதுவேதான். அழகான ஒரு ஃப்ரேம் வைப்பது புகைப்படக்காரரின் வேலை. அடுத்த ஃப்ரேமுக்கு இடம் கொடுக்கிற ஃப்ரேம் வைப்பது சினிமாக்காரரின் வேலை. அந்த வேறுபாடு பேசிப் புரியாது. தன் கையால் எடுத்து, தன் கையால் வெட்டி, ஒட்டாமல் போவதைத் தன் கண்ணால் பார்த்து, மறுபடி போய் எடுத்தால்தான் புரியும்.

இனி மறுப்புகள்.

1. “பார்வையாளர் கவனிப்பதில்லை.”

எதைக் கவனிப்பதில்லை? இந்த வாதத்தைச் சொல்கிறவர்கள் கன்டினியூட்டி என்றால் கிளாஸில் இருக்கிற டீயின் அளவு, சட்டைப் பொத்தான், சுவர்க் கடிகாரம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அவற்றைப் பெரும்பாலானோர் கவனிப்பதில்லை என்பது உண்மைதான். இணையத்தில் பட்டியலிட்டுக் காட்டுகிற அந்தப் பிழைகளால் எந்த நல்ல படமும் கெட்டுப்போனதில்லை. அந்தப் பட்டியலுக்காக நான் வாதாட வரவில்லை.

ஆனால் கண் எங்கே பார்க்கிறது, ஆள் எந்தப் பக்கம் போகிறார், யாருக்கு எதிரே யார் இருக்கிறார் என்பதைப் பார்வையாளர் ஒவ்வொரு நொடியும் கவனிக்கிறார். கவனிக்கிறோம் என்று அவருக்கே தெரியாது. அதனால்தான் அவரால் புகார் சொல்ல முடிவதில்லை. லுக் தவறினால் “லுக் தப்பு” என்று சொல்ல மாட்டார். “அந்த சீன் ஏனோ ஒட்டவில்லை” என்பார். “நடிப்பு சரியில்லை” என்பார். மாணவர் குறும்படப் போட்டிகளின் தேர்வில் உட்கார்ந்து படம் பார்க்கும்போது நான் அடிக்கடி காண்பது இதைத்தான். நன்றாக நடித்த ஒரு பெண்ணின் மேல் பழி விழுகிறது. அவர் பார்க்க வேண்டிய திசையைத் தவறாகச் சொன்ன கேமராக்காரர் மேல் விழுவதில்லை. அப்பாவிடம் மகள் உண்மையைச் சொல்லுகிற காட்சியில் இருவரின் பார்வையும் சந்திக்கவில்லை என்றால் அங்கே போனது இலக்கணமல்ல. போனது அப்பா மகள் உறவு. கதைதான் முக்கியம் என்கிறவர்கள், கதை எதில் இருக்கிறது என்று யோசிக்க வேண்டும்.

2. “எடிட்டர்களே கன்டினியூட்டிக்குக் கடைசி இடம்தான் கொடுக்கிறார்கள்.”

எதிர்த்தரப்பின் ஆயுதங்களில் மிக வலுவானது இது. அதனால் இதற்கு நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டும். ‘அபோகலிப்ஸ் நவ்’ படத்தில் பணியாற்றிய எடிட்டர் வால்டர் மர்ச், வெட்டு பற்றிய தம் நூலில் ஆறு அளவுகோல்களை வரிசைப்படுத்தி எடை கொடுக்கிறார். உணர்ச்சிக்கு 51 விழுக்காடு. கதைக்கு 23. லயத்துக்கு 10. பார்வையாளரின் கண் திரையில் எங்கே நிற்கிறது என்பதற்கு 7. திரைத் தளத்தின் ஒழுங்குக்கு 5. அறைக்குள் யார் எங்கே நிற்கிறார் என்ற முப்பரிமாணத் தொடர்ச்சிக்கு 4. இந்தக் கடைசி எண்ணைத்தான் மேடைகளில் எடுத்துக் காட்டுகிறார்கள்: பார், வெறும் 4 விழுக்காடு!

மர்ச் யாரிடம் பேசுகிறார்? மேசைமேல் போதுமான ஷாட்கள் குவிந்திருக்கிற எடிட்டரிடம். ஆறும் ஒன்றாகக் கிடைக்காதபோது எதை முதலில் விட்டுக்கொடுக்கலாம் என்று அவருக்குச் சொல்கிறார். கீழிருந்து விட்டுக்கொடுத்துக்கொண்டே மேலே வா, உணர்ச்சியை மட்டும் விடாதே என்கிறார். விட்டுக்கொடுக்க வேண்டுமானால் முதலில் கையில் இருக்க வேண்டும். நம் மாணவரின் மேசையில் அசைவு முழுதாகப் பதிவான ஷாட்டே இல்லை. எதிர் ஷாட்டின் லுக் தவறு. மகள் அழுகிற டேக்கில் மட்டும் கேமரா கோட்டைத் தாண்டி நிற்கிறது. அவருக்குத் தேர்வு இல்லை. உணர்ச்சி உச்சத்தில் இருக்கிற டேக்கை அவர் பயன்படுத்த முடியாமல் போவதே அந்த 4 விழுக்காட்டை எடுக்கும்போது கவனிக்காததால்தான்.

இன்னொன்றையும் மறைக்கிறார்கள். கண் நிற்கிற இடத்துக்கு 7, திரைத் தளத்துக்கு 5 என்று மர்ச் கொடுத்தவையும் கன்டினியூட்டிதான். கேமரா தாண்டக் கூடாத அந்தக் கற்பனைக் கோடு, அதாவது 180 பாகைக் கோடு, அந்த ஐந்துக்குள் வருகிறது. மூன்றையும் கூட்டினால் 16. லயத்துக்கு அவர் கொடுத்ததைவிட அதிகம்.

3. “எடிட்டிங்கில் சரிசெய்துகொள்ளலாம்.”

எதைக் கொண்டு? கலரைச் சரிசெய்யலாம், ஃப்ரேமைக் கொஞ்சம் பெரிதாக்கலாம், ஒலியை மாற்றலாம். எடுக்காத அரை நொடியை எடிட்டர் எங்கிருந்து கொண்டுவருவார்? தொழில்முறைப் படங்களில் இப்படி விட்டுப்போனதற்குப் பேட்ச் ஒர்க் என்று தனியாக ஒரு நாள் போட்டு, நடிகரையும் விளக்கையும் வாடகைக்கு எடுத்த வீட்டையும் மறுபடி கூட்டிவந்து எடுக்கிறார்கள். மாணவரிடம் அந்தப் பணம் இல்லை. நண்பரின் வீட்டை ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு வாங்கியிருப்பார். அடுத்த ஞாயிறு நண்பரின் அம்மா தர மாட்டார்.

போனில் எடுப்பதால் இந்தச் சிக்கல் இரட்டிப்பாகிறது என்பதையும் சொல்ல வேண்டும். போன் கேமரா தானாகவே முடிவெடுக்கிற கருவி. வெள்ளைக் கதவு ஃப்ரேமை விட்டு விலகியதும் முகத்தை வெளுக்க வைக்கும். ஒரு ஷாட்டில் அறையை மஞ்சளாகவும் எதிர் ஷாட்டில் நீலமாகவும் காட்டும். ஃப்ரேம் வேகத்தைத் தானே ஏற்றி இறக்கும். தனியாகப் பதிந்த ஒலி போகப் போக உதட்டோடு ஒட்டாமல் விலகும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ட்யூப் லைட்டின் கீழ் ஷட்டரை 1/60இல் விட்டால் வெளிச்சம் துடிக்கும், 1/50இல் பூட்டினால் அடங்கும். எக்ஸ்போஷர், ஃபோகஸ், வெள்ளைச் சமநிலை, ஷட்டர் எல்லாவற்றையும் பூட்டிவிட்டு எடுக்க வேண்டும் என்று யூடியூப் சொல்லும், உண்மைதான். ஏன் பூட்ட வேண்டும் என்பது, காலை 10 மணிக்கு எடுத்த மாஸ்டர் ஷாட்டையும் மாலை 4 மணிக்கு எடுத்த குளோஸப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து நொந்தவருக்குத்தான் தெரியும்.

போனில் சினிமா எடுத்ததற்கு எல்லோரும் காட்டுகிற உதாரணம் ஷான் பேக்கரின் ‘டேஞ்சரின்’. 2015இல் வெளிவந்தது, ஐபோன் 5எஸ்ஸில் எடுக்கப்பட்டது. அது அவருடைய ஐந்தாவது முழுநீளப் படம் என்பதை யாரும் சேர்த்துச் சொல்வதில்லை. நியூயார்க் பல்கலைக்கழகத்தில் சினிமா படித்தவர் அவர். போனுக்கு அனமார்பிக் லென்ஸ் பொருத்தி, எக்ஸ்போஷரையும் ஃபோகஸையும் கையால் கட்டுப்படுத்துகிற செயலியைப் போட்டுத்தான் எடுத்தார். தன் படங்களைத் தானே வெட்டுகிறவர். 2025இல் ‘அனோரா’வுக்காக எடிட்டிங் ஆஸ்கரையும் வாங்கினார். அவருடைய வெற்றியில் போனின் பங்கை எண்ணுகிறவர்கள், வெட்டுமேசையில் அவர் செலவழித்த ஆண்டுகளையும் எண்ணட்டும்.

4. “கோதார் உடைத்தார், ஓசு உடைத்தார்.”

உடைத்தார்கள். எப்போது? 1960இல் ‘பிரத்லெஸ்’ வருவதற்கு முன் கோதார் 1950களில் பல குறும்படங்கள் எடுத்திருந்தார். பயணப் படங்களுக்கு எடிட்டிங் செய்திருந்தார். 1956இல் ‘கயே து சினிமா’ இதழில் வெட்டுக்கலை பற்றி ஒரு கட்டுரையே எழுதியிருந்தார். ‘பிரத்லெஸ்’ நீளமாகிவிட்டது, குறைக்க வேண்டியிருந்தது. காட்சிகளை முழுதாகத் தூக்குவதற்குப் பதில் காட்சிகளுக்கு உள்ளேயே வெட்டினார். காரில் போகிற பெண்ணின் ஷாட்களைப் பாருங்கள். கோணம் மாறவில்லை, அளவு மாறவில்லை, பேச்சு அறுபடாமல் ஓடுகிறது. பின்னால் நகரம் மட்டும் தாவுகிறது. மற்ற எல்லாம் நிலையாக இருப்பதால்தான் அந்தத் தாவல் ஒரு கூற்றாகிறது. எல்லாமே தாவுகிற மாணவர் படத்தில் எது கூற்று, எது விபத்து என்று யாருக்குத் தெரியும்?

ஓசுவின் கதை இன்னும் தெளிவானது. 1923இல் ஷோச்சிக்கு ஸ்டுடியோவில் கேமரா உதவியாளராகச் சேர்ந்து, 1927இல் முதல் படத்தை இயக்கியவர். உரையாடல்களில் 180 பாகைக் கோட்டை அவர் பொருட்படுத்தவில்லை. ஆனால் கேமரா உயரம், உருவத்தின் அளவு, ஃப்ரேமில் உட்காருகிற இடம் இவற்றை ஷாட்டுக்கு ஷாட் மிகத் துல்லியமாகப் பொருத்தினார். ஒரு தொடர்ச்சியை விட்டு, அதைவிடக் கடுமையான இன்னொன்றைக் கையில் எடுத்தார். அவரைக் காட்டி “லைன் கிராஸ் ஆனால் பரவாயில்லை” என்று சொல்கிற ஆசிரியர், ஓசுவின் ஒரு உரையாடல் காட்சியை ஷாட் ஷாட்டாக நிறுத்தி வகுப்பில் காட்டிவிட்டுப் பிறகு அதைச் சொல்லட்டும்.

5. “கல்லூரியில் படிக்காதவர்கள் ஜெயித்திருக்கிறார்கள்.”

ஜெயித்திருக்கிறார்கள். நான் கல்லூரிக்காக வாதாடவில்லை, பயிற்சிக்காக வாதாடுகிறேன். இரண்டையும் ஒன்றாகக் குழப்புவதுதான் இந்த வாதத்தின் அடிப்படைக் கோளாறு. நலன் குமாரசாமியையும், மென்பொருள் துறையிலிருந்து வந்த கார்த்திக் சுப்பராஜையும் சுட்டுகிறார்கள். இருவரும் கலைஞர் தொலைக்காட்சியின் ‘நாளைய இயக்குநர்’ வழியாக வந்தவர்கள். அந்த நிகழ்ச்சி என்ன செய்தது? ஒரு படம் எடுக்க வைத்து அனுப்பிவிடவில்லை. அடுத்தடுத்து எடுக்க வைத்தது, கெடு வைத்தது, ஒவ்வொன்றையும் நடுவர்கள் முன்னால் போட்டுக் குறை சொல்ல வைத்தது, மறுபடி எடுக்க வைத்தது. திரைப்படக் கல்லூரி செய்ய வேண்டியதை ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சி செய்தது. அது என் தரப்புக்கான சான்று.

சத்யஜித் ராயும் கல்லூரியில் படிக்காதவர்தான். ‘பதேர் பாஞ்சாலி’க்கு 1952 அக்டோபரில் காசப்புல் வெளியில் படப்பிடிப்பைத் தொடங்கினார். ஒரு வாரம் கழித்துத் திரும்பி வந்தபோது மாடுகள் பூவையெல்லாம் மேய்ந்துவிட்டிருந்தன. அந்தக் காட்சியை முடிக்க அடுத்த பூக்காலம் வரை காத்திருந்தார்கள். பணம் இல்லாமல் நின்று நின்று படம் 1955 வரை நீண்டது. நடுவில் மிட்டாய்க்காரராக நடித்தவர் இறந்துவிட்டார். மூங்கில் தோப்பிலிருந்து ஒருவர் வருகிறார். அடுத்த ஷாட்டில் முதுகைக் காட்டியபடி இன்னொருவர் வீட்டு வாசலுக்குள் நுழைகிறார். பார்க்கிற நமக்கு இருவரும் ஒரே மிட்டாய்க்காரர். நடக்கிற திசை, உடல் வாகு, வெட்டுகிற இடம் மூன்றையும் ராய் அறிந்திருந்ததால் அந்தக் காட்சி பிழைத்தது. கையில் பணமில்லாதவருக்குக் கன்டினியூட்டி அறிவு எவ்வளவு பெரிய பணம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

அந்தப் படத்தின் ஒளிப்பதிவாளர் சுப்ரத மித்ரா அதற்கு முன் சினிமா கேமராவை இயக்கியதே இல்லை. “பார், பயிற்சியே இல்லாதவர்” என்று அவரையும் இழுப்பார்கள். பிரெஞ்சு இயக்குநர் ழான் ரென்வார் வங்கத்தில் ‘தி ரிவர்’ எடுத்தபோது மித்ரா தினமும் போய் வேடிக்கை பார்த்தார். வேடிக்கை மட்டும் பார்க்கவில்லை. விளக்கு எங்கே இருந்தது, நடிகர் எங்கிருந்து எங்கே நகர்ந்தார், கேமரா எங்கே நின்றது என்று படம் போட்டுக் குறித்துக்கொண்டே இருந்தார். ஒரு ரீடேக்குக்கு முன் வெளிச்சத்தின் கன்டினியூட்டியைச் சரிபார்க்க ஒளிப்பதிவாளர் க்ளோட் ரென்வாரே அந்த இளைஞனின் நோட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். இந்தியாவின் மகத்தான ஒளிப்பதிவாளர்களில் ஒருவர் சினிமாவுக்குள் நுழைந்தது ஒரு கன்டினியூட்டி நோட்டோடு.

நம் பாலு மகேந்திராவைச் சொல்லாமல் இதை விட முடியாது. மட்டக்களப்பில் பிறந்து, புனே திரைப்படக் கல்லூரியில் ஒளிப்பதிவு படித்தவர். அங்கே அவர் எடுத்த மாணவர் படத்தைப் பார்த்துத்தான் இயக்குநர் ராமு காரியாட் ‘நெல்லு’ படத்துக்கு அழைத்தார். பிற்பாடு தன் படங்களுக்குத் தானே ஒளிப்பதிவு செய்தார், தானே வெட்டினார். கேமராவின் பின்னால் நிற்கிறவரும் வெட்டுமேசையில் உட்காருகிறவரும் ஒரே ஆளாக இருந்ததால்தான் அவருடைய ஷாட்களில் அந்தச் சிக்கனம் வந்தது என்பது என் கருத்து.

6. “அது உதவியாளர் பார்க்கிற வேலை.”

பிரெஞ்சுப் புதிய அலையை விதி உடைப்பின் திருவிழாவாகப் பேசுகிறவர்கள் சுசான் ஷிஃப்மன் பெயரைக் கேள்விப்பட்டிருக்கிறார்களா? இயக்குநர்கள் த்ருஃபோவுக்கும் கோதாருக்கும் படப்பிடிப்பில் கன்டினியூட்டி பார்த்தவர். ‘சுதந்திரமாக’ எடுக்கப்பட்டதாக நாம் கொண்டாடுகிற படங்களின் பக்கத்தில், ஒவ்வொரு டேக்கையும் குறித்துக்கொண்டு அவர் நின்றார். பிறகு த்ருஃபோவின் உதவி இயக்குநரானார், திரைக்கதையில் பங்காளியானார். ‘டே ஃபார் நைட்’ திரைக்கதைக்காக ஆஸ்கர் பரிந்துரை பெற்றார். 1987இல் சொந்தமாகப் படம் இயக்கினார். கன்டினியூட்டி நோட்டிலிருந்து இயக்குநர் நாற்காலிக்கு நேர்வழி உண்டு. ஒரு படம் முழுவதையும், எடுக்கிற வரிசையில் அல்லாமல் பார்க்கிற வரிசையில், தலைக்குள் வைத்திருக்கிற ஆள் படப்பிடிப்புத் தளத்தில் இயக்குநரைத் தவிர கன்டினியூட்டி பார்க்கிறவர் ஒருவர்தான்.

நம் கல்லூரிகளில் என்ன நடக்கிறது? இதைச் சொல்லும்போது எனக்குக் கோபம் வருகிறது. நேராகக் குறும்படம் என்று இறங்கும்போது, கேமரா வைத்திருக்கிற பையன் ஒளிப்பதிவாளர். செலவு செய்கிறவன் இயக்குநர். பெண்களிடம் உடை, உணவு, கன்டினியூட்டி நோட்டு. அந்த நோட்டையும் யாரும் எடுத்துப் பார்ப்பதில்லை. கிராமத்திலிருந்து வந்த முதல் தலைமுறை மாணவர் வெளிச்சத்தைத் திருப்புகிற தெர்மோகோலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். மூன்று ஆண்டு முடிந்து பட்டம் வாங்கும்போது இவர்களில் பலர் ஒரு ஷாட்கூடத் தங்கள் கையால் வைத்திருக்க மாட்டார்கள். படத்தின் டைட்டிலில் பெயர் இருக்கும். கையில் தொழில் இருக்காது. கதவு–நாற்காலிப் பயிற்சியில் இந்த அநியாயத்துக்கு இடமில்லை. அதற்குப் பணம் வேண்டாம், சொந்தக் கேமரா வேண்டாம். வகுப்பறைக் கதவு போதும். குழுவில் ஐந்து பேர் என்றால் ஐந்து முறை எடுக்கலாம். ஒவ்வொருவரும் ஒருமுறை கேமரா, ஒருமுறை நோட்டு, இருமுறை நடிப்பு, ஒருமுறை இயக்கம்.

7. “பயிற்சி கற்பனையைக் கொல்லும்.”

மாஸ்கோவில் 1919இல் உலகின் முதல் திரைப்படப் பள்ளிகளில் ஒன்று தொடங்கியபோது ஃபிலிம் கிடைக்கவில்லை. ஆசிரியர் குலெஷோவும் மாணவர்களும் ஃபிலிமே இல்லாமல் காட்சிகளை ஷாட் ஷாட்டாக நடித்துப் பழகினார்கள். பழைய படத் துண்டுகளை மாற்றி மாற்றி ஒட்டிப் பார்த்தார்கள். ஒரே முகம் சூப்புத் தட்டின் பக்கத்தில் பசியாகவும் சவப்பெட்டியின் பக்கத்தில் துக்கமாகவும் தெரிவதை அந்தச் சோதனைகளில்தான் கண்டார்கள். அந்த மாணவர்களில் ஒருவர் இயக்குநர் புதோவ்கின். யாருடைய கற்பனை அங்கே செத்தது?

கற்பனையைக் கொல்வது வேறொன்று. மனத்தில் பார்த்த காட்சி திரையில் வராமல் போவது. முதல் குறும்படம் ஒட்டாமல் சிதறியதைப் பார்த்த மாணவர், தன் கதை மோசம் என்று முடிவுக்கு வருகிறார். கதை மோசமில்லை, அதை எடுக்கத் தெரியவில்லை என்று அவரிடம் சொல்ல ஆளில்லை. இரண்டாவது படம் எடுக்காமலே போனவர்கள் எத்தனை பேர்!

துறைத் தலைவர்களிடமும் ஆசிரியர்களிடமும் கேட்டுக்கொள்கிறேன். முதல் பருவத்திலிருந்து சொந்தக் கதைக் குறும்படத்தை எடுத்துவிடுங்கள். அந்த இடத்தில் இந்தப் பயிற்சியை வையுங்கள். எட்டு ஷாட், ஷாட்டுக்கு இரண்டு டேக் என்று வரம்பு போடுங்கள். கார்டில் இடம் இருக்கிறது என்பதற்காக அள்ளிக் குவிக்க விடாதீர்கள். ஒவ்வொரு அசைவையும் இரண்டு ஷாட்டிலும் முழுதாக நடிக்கச் சொல்லுங்கள். ஒரு குழு எடுத்ததை இன்னொரு குழு வெட்டட்டும். தங்களுக்குக் கிடைத்த ஷாட்களில் என்ன இல்லை என்பதை அவர்கள் எழுதிக் கொடுக்கட்டும். அதை வாங்கிக்கொண்டு முதல் குழு அதே கதவை மறுபடி எடுக்கட்டும். கன்டினியூட்டி நோட்டுக்கு மதிப்பெண் கொடுங்கள், படத்துக்குக் கொடுப்பதற்குக் குறையாமல். இரண்டாம் பருவத்தில் அவர்கள் கதையை எடுத்துக்கொண்டு வரட்டும். அப்போது கதையைப் பற்றி நாம் பேசலாம்.